கையால் மறைத்த பேரேடு

சாத்தூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டால், கேட்பவர் வாயில் முதலில் வருவது காராச்சேவுதான். சற்று மூத்தவராயின் வெள்ளரிப் பிஞ்சையும் சேர்த்துச் சொல்வார். மை தொட்டு எழுதிய காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்துக்கு முனை கொடுத்த பேனா நிப்பும் எங்கள் ஊரில் செய்யப்பட்டது என்பதை இன்றைய மாணவருள் எத்தனை பேர் அறிவர்? பந்துமுனைப் பேனா வந்தது. நிப்புப் பட்டறைகள் ஓய்ந்தன. தீப்பெட்டியும் பட்டாசும் நிலைத்தன. கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 இல் சிவகாசியில் தொடங்கிய தொழில், வானம் பார்த்த எங்கள் கரிசல் பூமியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வழி செய்தது. ஆயினும் நான் எழுத வந்தது தொழில் வரலாறு அன்று. ஒரு பேரேட்டைப் பற்றியும், ஐம்பது ஆண்டு இடைவெளியில் நான் இருமுறை செய்த ஒரே பிழையைப் பற்றியும் எழுத வந்தேன்.

என் அத்தா சாத்தூர்க் கடைத்தெருவில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளருள் பெரும்பாலோர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். (எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று சொல்லும் வழக்கம் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்பதே பேச்சு.) கிழமை முழுவதும் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடனாகப் போகும். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கணக்குத் தீரும். சில வீடுகளில் தீராமலும் நிற்கும். அவ்வளவும் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு ஒன்றில் இருந்தது. அதில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பக்கம். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் விருந்தாளி, யார் குடிக்குப் பணம் விட்டார், எந்த வீட்டில் பெண் பேறுகாலத்திற்கு வந்திருக்கிறாள் என்பதையெல்லாம் அப்பக்கங்களைப் படித்தே ஒருவன் தெரிந்துகொள்ளலாம். சுக்கும் பெருங்காயமும் வாங்கிய நாளைப் பார்த்தால் போதும்.

அத்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவருடைய பக்கத்தைத் திறந்து எழுதும்போது அடுத்தவர் கல்லாவுக்கு அருகில் வந்தால், இடக்கையை விரித்து எதிர்ப்பக்கத்தை மூடிக்கொள்வார். பேச்சு நிற்காது, சிரிப்பும் நிற்காது, கை மட்டும் தானாகவே போய்ப் படியும். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, இன்ன தெருவில் இன்ன குடும்பத்தில் பெண் எடுக்கப் போகிறோம், அவர்கள் கடன் நிலவரம் எப்படி என்று நயமாகக் கேட்டார். அத்தா அவருக்குக் கலர் வாங்கிக் கொடுத்து உபசரித்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "அடுத்தவங்க கணக்கு நம்மகிட்ட இருக்கிற அமானிதம்ப்பா" என்றார். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு எங்கள் வீடுகளில் வழங்கும் சொல் அது. பொன்னையும் பணத்தையும் அமானிதமாக வைப்பது எனக்குத் தெரியும். கணக்கையும் வைக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அறிந்தேன் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அறியவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளி விட்டதும் கடையில் அமர்ந்து கணக்கு எழுதும் பெருமை தலைக்கேறியிருந்தது. வகுப்பில் ஒரு நாள் கோலி விளையாட்டில் தொடங்கிய சண்டையில், எதிரே நின்றவனைப் பார்த்து, "உங்க வீட்டுப் பாக்கி பதினேழு ரூபாய், முதல்ல அதைக் கட்டச் சொல்லுடா" என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அழவில்லை, திரும்பி நடந்தான். மறுநாள் அவன் தாயார் கடைக்கு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வந்து, பதினேழு ரூபாயையும் எண்ணி வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் போனார். எங்கிருந்து புரட்டினாரோ தெரியாது. பிறகு அவர் இரண்டு தெரு தள்ளி இருந்த கடைக்கு நடந்தார். அத்தா என்னை அடிக்கவில்லை. அன்று மாலையே என் கையைப் பிடித்து அவர்கள் வீட்டு வாசல்வரை அழைத்துப் போய் நிறுத்தினார். "இவன் தப்புப் பண்ணிட்டான். நானும் சரியா வளர்க்கல" என்றார். அந்த இரண்டாம் வாக்கியத்தின் சூட்டை நான் இன்னும் மறக்கவில்லை. ஆறு மாதம் பேரேட்டைத் தொட எனக்கு அனுமதி இல்லாமற் போயிற்று.

இத்தனை படிப்பினை பெற்ற சிறுவன்தான், தமிழாசிரியனாக முப்பதாண்டுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வுபெற்று, திருச்சியில் குடியிருக்கும் நிலையில், 2023 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன் அதே பிழையை மீண்டும் செய்தான்.

எங்கள் தெருவில் நான் சாத்தூர்க்காரன் என்பது பட்டாசுக் காலத்தில் மட்டும் நினைவுகூரப்படும் செய்தி. "சார், உங்க ஊர்ப் பக்கம் சகாய விலைக்குக் கிடைக்குமே" என்று நான்கு வீட்டார் கேட்டனர். பேரப்பிள்ளைகளுக்காக நானும் வாங்குவதாக இருந்தேன். நேரில் செல்ல உடல்நிலை இடம் தரவில்லை. அலைபேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. சிவகாசி முகவரி, வண்ணப் படங்கள், பூச்சட்டி, தரைச்சக்கரம், கம்பி மத்தாப்பு என ஒழுங்கான விலைப்பட்டியல், 80 விழுக்காடு தள்ளுபடி. எங்கள் பகுதியின் பட்டியல்களில் விலையை ஏற்றி அச்சிட்டுப் பிறகு தள்ளுபடி காட்டுவது நெடுநாள் வழக்கமாதலின், அந்த 80 எனக்கு ஐயத்தை எழுப்பவில்லை. ஊர் வழக்கம் அறிந்தவன் என்ற மிதப்பே என் கண்ணை மறைத்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும் என்பதால், ஐந்து வீட்டாரின் பெயர், கதவு எண், அலைபேசி எண் ஆகியவற்றை நானே வரிசையாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். எவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. "பாய், சாத்தூரா நீங்க? நமக்கு இருக்கங்குடிப் பக்கம்தான்" என்றது அந்தக் குரல். கரிசல் பேச்சு, உறவு கொண்டாடும் இழைவு. ஒருவருடைய பெயரில் இருந்த கியூஆர் குறிக்கு 9,400 ரூபாய் அனுப்பினேன். லாரி ரசீது போன்ற ஒரு படமும் வந்தது. மூன்றாம் நாள் அந்த எண் அணைந்துவிட்டது. பார்சல் அலுவலகத்தில் விசாரித்தபோது, அப்படியொரு ரசீது எண்ணே இல்லை என்றார்கள்.

என் பணம் போனதைப் பெரிதாக எண்ணவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதனைவிடப் பெரியது பின்னர் வந்தது.

எதிர்வீட்டு அம்மையார் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். எவரையும் எளிதில் நம்பாதவர். அவருக்கு வேறோர் எண்ணிலிருந்து அழைப்பு. அழைத்தவன் அவர் பெயரைச் சொன்னான். கதவு எண்ணைச் சொன்னான். பேத்திகளுக்காக அவர் கேட்டிருந்த மத்தாப்புப் பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொன்னான். அவர் பங்காகிய தொகையையும் சொன்னான். சரக்கு அனுப்ப இயலவில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம், நாங்கள் அனுப்பும் குறியை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இடுங்கள் என்றான். அவர் அவ்வாறே செய்தார். கணக்கிலிருந்து 18,500 ரூபாய் வெளியேறியது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்கே அது தேவை என்பதை அவர் அறியாதவர் அல்லர். "இவ்வளவு விவரமும் தெரிஞ்சவன் கடைக்காரனாத்தானே சார் இருக்கணும்?" என்று என்னைக் கேட்டார். அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. அத்தனை விவரத்தையும் அவனுக்குக் கொடுத்தவன் நான்.

இணைய வணிகத்தில் பணத்தின் பாதுகாப்பு வேறு, வாடிக்கையாளரின் தனிமறைவு வேறு என்று பலரும் பிரித்துப் பேசுகின்றனர். இரகசிய எண்ணையும் ஓடிபியையும் காத்துக்கொண்டால் போதும், பெயரும் முகவரியும் தெரிந்தால் என்ன கெட்டுவிடும் என்பது பொதுக் கருத்து. நானும் அவ்வாறே கருதியிருந்தேன். பெயர், முகவரி, வாங்கிய பொருள், கொடுத்த தொகை இவை நான்கும் ஒருவன் கையில் சேர்ந்துவிட்டால், ஐந்தாவதாகிய இரகசிய எண்ணை நாமே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிடுவோம் என்பதை அந்த அம்மையாரின் பணம் எனக்குக் கற்பித்தது.

அவருடைய மருமகள் அரைமணி நேரத்திற்குள் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிந்தாள். இணைய வழி நிதி மோசடிகளுக்கென நாடு முழுவதும் செயல்படும் உதவி எண் அது. தகவல் உடனே வங்கிகளுக்குச் செல்வதால், திருடியவன் கணக்கில் எஞ்சியிருந்த தொகை முடக்கப்பட்டது. பல மாதங்கள் கழித்து 11,000 ரூபாய் திரும்பி வந்தது. நானோ வெட்கத்தால் இரண்டு நாள் வாளாவிருந்துவிட்டு, பிறகே புகார் செய்தேன். சாத்தூர்க்காரன் பட்டாசில் ஏமாந்தான் என்றால் ஊர் சிரிக்காதா? அந்த இரண்டு நாளில் என் பணம் எத்தனை கணக்குகளைக் கடந்ததோ, எனக்கு ஒரு காசும் வரவில்லை. அம்மையாருக்கு வராத 7,500 ரூபாயை நான் கொடுக்கச் சென்றபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். பதினேழு ரூபாயை எண்ணி வைத்த அந்தத் தாயின் முகம் அன்று எனக்குக் கண்முன் வந்தது.

2024 சனவரியில் சாத்தூர் சென்றிருந்தேன். சிவகாசி செல்லும் சாலையில் பட்டாசுக் கடை நடத்தும் என் பள்ளித் தோழரைக் கண்டு, நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஏப்பா, என் கடையவே எவனோ போட்டோ புடிச்சு, என் பேர்லயே கடை நடத்திருக்கான். தீவாளிக்கு முந்தின நாள் பெங்களூர்ல இருந்து ஒருத்தர் குடும்பத்தோட வந்து வாசல்ல நின்னு, எங்க சரக்கு எங்கன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல?" என்றார். வந்தவரைத் தேநீர் கொடுத்து அமர்த்தி, குழந்தைகள் கையில் இரண்டு பெட்டி மத்தாப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தாம் செய்யாத குற்றத்துக்குத் தாமே தண்டம் கட்டிய வணிகர் அவர்.

அவர் விளக்கியபோதுதான் இத்தொழிலில் திருடனுக்கு ஏன் இவ்வளவு இடம் கிடைத்தது என்பது புரிந்தது. 2018 அக்டோபர் 23 அன்று, அர்ச்சுன் கோபால் வழக்கில், உச்ச நீதிமன்றம் பட்டாசுகளைக் குறித்துப் பல கட்டுப்பாடுகளை விதித்தது. இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசுக்கு ஆணை பெறவும் விற்கவும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. காற்று மாசைக் கருதி எழுந்த வழக்கு அது. வாங்குவோரின் பணப் பாதுகாப்பு அங்கு ஆராயப்பட்ட பொருள் அன்று. அதன்பின் எங்கள் பகுதியின் இணையப் பக்கங்கள் பலவற்றில் ஓர் அறிவிப்பு இடம்பெற்றது. நீதிமன்ற ஆணைப்படி இணைய விற்பனை இல்லை, உங்களுக்கு வேண்டியவற்றைக் குறித்து விசாரணையாக அனுப்புங்கள், நாங்கள் அழைத்துப் பேசுவோம் என்பது அதன் சாரம். அதாவது, பட்டியல் இணையத்தில், பேச்சு அலைபேசியில், பணம் தனியொருவர் கணக்குக்கு, சரக்கு லாரியில்.

இந்த ஏற்பாட்டில் எது இல்லை என்று பாருங்கள். புத்தகமோ துணியோ இணையத்தில் வாங்கும்போது, நமக்கும் கடைக்காரருக்கும் இடையில் பணம் பெற்றுச் செலுத்தும் நிறுவனம் ஒன்று நிற்கிறது. அந்நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைக்கு உட்பட்டவை. பொருள் வராவிடில் முறையிட ஓர் இடம் உண்டு. தொகையைத் திருப்பும் வழி உண்டு. கடைக்காரர் இன்னார் என்று சரிபார்த்த ஆவணம் உண்டு. பட்டாசு வணிகத்தில் இடையில் நிற்பவர் எவரும் இல்லை. நேர்மையான வணிகரும் தனிக் கணக்கில் பணம் கேட்கிறார். திருடனும் அவ்வாறே கேட்கிறான். வெளித்தோற்றத்தில் இருவருக்கும் வேறுபாடு காண இயலாது. "நாங்க போட்டு வச்ச பாதையிலதான் அவன் நடக்கான்" என்றார் தோழர். ஒரு வணிகர் தம் தொழிலைப் பற்றி இத்தனை வெளிப்படையாகச் சொல்வது அரிது. ஆணையின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிடும் இந்த 'விசாரணை' முறையை நான் ஏற்கவில்லை என்று அவரிடமே சொன்னேன். தாம் நேரில் வருவோருக்கும் பல்லாண்டு பழகியவர்க்கும் அன்றி இப்போது அனுப்புவதில்லை என்றார். 2024 தீபாவளிக்கு முன்னர், தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு, போலிப் பட்டாசு விற்பனைப் பக்கங்களைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஏமாந்தவன் நான் ஒருவன் அல்லன் என்ற ஆறுதல், வேண்டாத ஆறுதல், எனக்கு அப்போது கிட்டியது.

என்னை ஏமாற்றிய பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததே என்று தோழரின் மகனிடம் கேட்டேன். பொறியியல் படித்த பிள்ளை. "மாமா, அந்தப் பூட்டு ரோட்டுக்குத்தான், கடைக்கு இல்ல" என்றான். இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். நாம் அனுப்பும் எழுத்துகள் வழியில் எவரும் படிக்க இயலாதவாறு மறைக்கப்பட்டே செல்கின்றன. 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் கண்ட முறை இத்துறையில் புகழ்பெற்றது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணிலிருந்து அவ்விரண்டையும் மீட்பது மிக அரிது என்பதே அதன் அடிப்படை. 1994 ஆகஸ்டு 11 அன்று அமெரிக்காவில், அட்டை எண்ணை இவ்வாறு மறைத்து அனுப்பி, ஸ்டிங் என்னும் பாடகரின் இசைத்தட்டு ஒன்றை ஒருவர் வாங்கினார். விலை 12 டாலர் 48 சென்ட். பாதுகாப்பான இணைய வணிகத்தின் தொடக்கம் என்று அதனைக் குறிப்பிடுவர். ஆனால் பாதை எவ்வளவு காவலுடையதாயினும், அது போய்ச் சேரும் இடம் திருடன் வீடாக இருந்தால் என்ன பயன்? பூட்டைக் கண்டு கடையையே நம்பிவிடுவோர் மிகுந்ததால், 2023 செப்டம்பரில் கூகுள் தன் குரோம் உலாவியில் அந்தப் பூட்டுப் படத்தை நீக்கி, வேறு குறியை வைத்தது. நான் ஏமாந்ததற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான். என் அலைபேசியிலோ பழைய பதிப்பே இருந்தது.

பணத்தைக் காக்கும் வழிகளில் நம் நாடு பின்தங்கியதன்று. 2009 ஆகஸ்டு முதல், இணையத்தில் அட்டை எண்ணை மட்டும் கொண்டு பணம் செலுத்த இயலாதவாறு, கூடுதலாக ஒரு சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நாம் சலித்துக்கொள்ளும் ஓடிபி அவ்வழியில் வந்ததே. 2022 அக்டோபர் முதல், கடைகள் நம் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமித்து வைக்கக் கூடாது. அதற்கு மாற்றாக, வேறெங்கும் பயன்படாத ஓர் அடையாள எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இதன் அருமை, முன்னர் நேர்ந்தவற்றை அறிந்தால் விளங்கும். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெருங்கடையின் கணினிகளில் புகுந்தவர்கள் ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விவரங்களைக் கொண்டுபோயினர். 2016 அக்டோபரில் நம் நாட்டிலேயே 32 இலட்சம் டெபிட் அட்டைகள் ஆபத்துக்கு உள்ளாயின என்ற செய்தி வெளிவந்தது. ஓரிடத்தில் குவித்து வைத்த பொருளைத் தேடித் திருடன் வருவது இயல்பே. வைத்திராத பொருளை எவனும் திருட இயலாது.

அட்டைக்குச் செய்த இந்தக் காவல், பெயருக்கும் முகவரிக்கும் ஏன் நெடுங்காலம் இல்லை? என் மனத்தை உறுத்திய கேள்வி இது. 2017 ஆகஸ்டு 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, தனிமறைவு அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஆறாண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. எதற்காகப் பெற்றோமோ அதற்கே பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். காவாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்பன அச்சட்டத்தின் கூறுகள். முதல் இரண்டையும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டு முடிவில் கணக்குத் தீர்ந்த பேரேட்டுத் தாள்களை அத்தா கிழித்துக் கடையின் பின்புறம் கொளுத்துவார். பொட்டலம் மடிக்கத் தாள் விலைக்கு வாங்கிய காலத்தில்கூட அந்தத் தாள்களில் அவர் பொட்டலம் மடித்ததில்லை.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு ஒரு செய்தி. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில், புகார் நகரின் வெள்ளிடை மன்றத்தில் பொருட்பொதிகள் கதவும் காவலும் இன்றிக் கிடக்கும் காட்சி வருகிறது. உடையவர் பெயரும் எண்ணும் எடையும் பொதியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வகுப்பில் அதனைப் பல்லாண்டு பெருமையோடு நடத்தியிருக்கிறேன். பெயர் பொறித்தல் அன்று பொருளுக்குக் காவல். இன்று நம் வீட்டுக்கு வரும் பார்சலின் மேல் பெயர், முகவரி, அலைபேசி எண் ஒட்டப்பட்டிருக்கின்றன. பிரித்த உறையை அப்படியே குப்பையில் இடுகிறோம். எங்கள் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஆறு வீட்டாரின் எண்களைப் படிக்க முடிந்தது. (முன்னாள் பேராசிரியர் குப்பை கிளறுகிறார் என்று ஒருவர் கவலையோடு விசாரித்ததும் உண்டு.) இப்போது நான் உறையிலுள்ள தாளைக் கிழித்த பிறகே எறிகிறேன்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதிலும் மயக்கம் வேண்டா. 2017 சூலை 6 ஆம் நாள் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி ஒரு வரையறை செய்தது. வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இன்றி வேறெங்கோ நேர்ந்த பழுதினால் பணம் போனால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை. இரகசிய எண்ணைத் தாமே வெளிப்படுத்துதல் போன்ற கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். எதிர்வீட்டு அம்மையார் தம் விரலாலேயே எண்ணை இட்டவர். ஆகவே வங்கி கையை விரித்தது. அவர் கவனக்குறைவானவர் என்று எழுதப்பட்ட கடிதத்தை நானும் படித்தேன். விவரங்களைக் கேளாமற் கொடுத்தவனைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. எந்த விதியின்படியும் நான் குற்றவாளி அல்லன்.

தோழரின் கடையில் அன்று இன்னொன்றும் கேள்விப்பட்டேன். முந்தைய ஆண்டுகளில் பட்டாசு வாங்கியோரின் அலைபேசி எண்கள் அடங்கிய பட்டியல் இருக்கிறது, விலைக்கு வேண்டுமா என்று ஒருவர் அவரிடம் வந்து கேட்டாராம். பருவத் தொழில் ஆதலின், ஆண்டுதோறும் வாடிக்கையாளரைத் தேடுவதே பெரும்பாடு. அத்தகைய பட்டியலுக்கு மதிப்பு உண்டு. "வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா அவன் பட்டியல்ல என் வாடிக்கையாளர் பேரும் இருந்துச்சு. அது எப்படிப் போச்சுன்னு யோசிச்சு ரெண்டு நாள் தூக்கம் இல்ல" என்றார். பருவகாலத்துக்கு மட்டும் கடையில் கணினி பார்க்க வந்த பையனா, பார்சல் அலுவலகமா, விலைப்பட்டியல் அனுப்ப அமர்த்திய ஆளா, இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை. அதன்பின் அவர் ஆர்டர்களைத் தம் மேசையிலுள்ள ஒரே நோட்டில் எழுதுகிறார். சரக்கு சேர்ந்த செய்தி வந்ததும் முகவரியை அடித்துவிடுகிறார். பிறர் பொருளையும் தம்முடையதாகக் கருதிப் பேணும் வணிகரை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது ஏன் என்று மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. அப்போது நான் தராசையும் விலையையும் கொண்டு விளக்கினேன். இன்று கேட்டால் தோழரின் நோட்டைக் காட்டுவேன்.

2025 தீபாவளிக்கு முன் உறவினர் திருமணத்தின் பொருட்டுச் சாத்தூர் செல்ல நேர்ந்தது. தெருவில் மீண்டும் அதே பேச்சு. நேரில் சென்று, கடையில் நின்று, பார்த்து வாங்கி, பணத்தையும் அங்கேயே கொடுத்து, தோழர் வழியாகவே லாரியில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டேன். (இரயிலில் பட்டாசு கொண்டுவருதல் தண்டனைக்குரியது, ஊருக்குத் திரும்பும் மாணவர்கள் நினைவில் வைக்க.) கையில் ஒரு தாளுடன் வீடுவீடாகச் சென்றேன். பெட்டியின் மேல் யார் பெயரை எழுதுவது, யார் எண்ணைக் கொடுப்பது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மூவர் இதையெல்லாமா கேட்பது என்று வியந்தனர். ஒருவர் சிரித்தார்.

எதிர்வீட்டு அம்மையார் வாசலுக்கு வந்தார். நான் எழுதுகோலைத் திறந்துகொண்டு, "உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா அம்மா?" என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

"பேத்திகளுக்கு மத்தாப்பு மட்டும் போதும் சார். நம்பர் உங்களுதையே போட்டுக்குங்க."